செயற்கை இடுப்பு மூட்டைச் சுற்றி எலும்பு குறைவதை எந்தப் படத்தைக் கொண்டு, எப்படி அளக்கிறார்கள்?

பதிவு 1 — செந்தாமரை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு 2003ஆம் ஆண்டு வலது இடுப்பில் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. எலும்போடு பிணைக்கும் சிமென்ட் இல்லாமல் பதிக்கும் வகை. உலோகக் கிண்ணத்துக்குள் பாலிஎத்திலீன் உறை, அதில் உலோகப் பந்து. இன்றுவரை அவர் வலியில்லாமல் நடக்கிறார், கோவில் படி ஏறுகிறார். அண்மையில் வழக்கமான பரிசோதனைக்காக எடுத்த எக்ஸ்ரேயின் அறிக்கையில், கிண்ணத்தின் மேற்பகுதியில் எலும்பு அரிப்பு இருக்கக்கூடும் என்றும் சி.டி. எடுத்துப் பார்ப்பது நல்லது என்றும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் குடும்ப மருத்துவரோ டெக்சா எடுத்து எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிடலாம் என்கிறார். முன்பு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையில் பழைய படங்கள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

அவருடைய சிகிச்சையை இங்கே தீர்மானிக்கும்படி நான் கேட்கவில்லை. அதற்கு மருத்துவர் இருக்கிறார். ஆனால் எலும்பு குறைந்திருக்கிறது என்பதை ஒரு படத்திலிருந்து எப்படிச் சொல்கிறார்கள், எக்ஸ்ரே, டெக்சா, சி.டி. ஆகிய மூன்றும் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா, வலியே இல்லாதவருக்கு இந்த அளவீடு எதற்கு என்பவற்றைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் பேச விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவு 2 — கதிர்மானி

வணக்கம் அம்மா. நான் கதிரியக்கப் பிரிவில் பணியாற்றும் தொழில்நுட்பர். எக்ஸ்ரேயும் டெக்சாவும் என் அன்றாட வேலை. உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அந்த மூன்றும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு இரண்டு வெவ்வேறு காரணங்களால் குறைகிறது. இரண்டுக்கும் அளவீட்டு முறையும் வேறு.

முதலாவது, சுமை குறைவதால் வரும் இழப்பு. தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் நூலாகவே எழுதினார். தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டு எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பானது. புறணி எலும்பின் (எலும்பின் கெட்டியான வெளிப்படலத்தின்) மீள்குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 15 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டானியக் கலவைக்கு அது 110 அளவிலும், கோபால்ட்-குரோமியத்துக்கு 200க்கு மேலும் இருக்கிறது. ஆகவே உடலின் பாரம் மேல்தொடை எலும்பைத் தொடாமல் தண்டின் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. வேலை இழந்த மேற்பகுதி மெல்ல மெல்ல அடர்த்தி குறைகிறது. இதை ஸ்ட்ரெஸ் ஷீல்டிங் என்கிறார்கள். இது பரவலாக, சீராக நிகழ்வது.

இரண்டாவது, ஆஸ்டியோலிசிஸ் எனப்படும் எலும்பு அரிப்பு. இது தேய்மானத் துகள்களால் ஓரிடத்தில் குழியாக விழுவது. உங்கள் தாயாரின் அறிக்கை பேசுவது இதைத்தான். அதன் காரணத்தை என்னைவிட மருத்துவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

எக்ஸ்ரே இரண்டையும் காட்டும், ஆனால் தாமதமாகக் காட்டும். சுமார் 30 முதல் 40 விழுக்காடு கனிமம் போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும் என்பது எங்கள் துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படுவது. தவிர, படம் எடுக்கும் மின்னழுத்தம், நோயாளியின் உடல் பருமன், கணினி செய்யும் ஒளிச்சீரமைப்பு ஆகியவற்றால் அதே எலும்பு ஒரு நாள் வெளுத்தும் மறுநாள் கறுத்தும் தெரியும். அதனால்தான் எக்ஸ்ரேயில் நிறத்தை நம்பாமல் இடத்தைக் குறிக்கும் வழக்கம் வந்தது. 1976இல் அறுவை மருத்துவர்கள் டீலியும் சார்ன்லியும் கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். 1979இல் க்ரூனும் அவருடைய சகாக்களும் தொடைத் தண்டைச் சுற்றி ஏழு மண்டலங்களை வகுத்தார்கள்: வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று, தண்டின் நுனிக்குக் கீழே ஒன்று, உட்பக்கம் கீழிருந்து மேலாக மூன்று. பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்தால் பதினான்கு. இன்றைக்கும் உலகில் எந்த ஊரில் எழுதிய அறிக்கையானாலும் ‘ஏழாம் மண்டலத்தில் இழப்பு’ என்றால், தொடை எலும்பின் உட்பக்க மேல்முனை என்று எல்லோருக்கும் புரியும்.

பதிவு 3 — தண்டும் கிண்ணமும்

கதிர்மானி அவர்கள் அழகாகத் தொடங்கிவைத்திருக்கிறார். நான் மூட்டு மாற்று அறுவை செய்பவன். துகள்களின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் எதை அளக்கிறோம் என்பது அந்தக் கதையில்தான் தெளிவானது.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்தினார். அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, துகள்களைச் சுற்றித் திசுக் கட்டிகள் வளர்ந்து, ஏராளமானோருக்கு மறு அறுவை செய்ய நேர்ந்தது. 1962 நவம்பரில்தான் அவர் பாலிஎத்திலீனுக்கு மாறினார். புதிய பொருளைத் தம் நோயாளிகளுக்கு வைத்ததோடு நிற்காமல், டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் தம் தொடைக்குள்ளேயே செலுத்தித் திசு எப்படி எதிர்வினை செய்கிறது என்று பார்த்தவர் அவர். அந்த அக்கறை இல்லாமல் இந்தத் துறை இங்கே வந்திருக்காது.

1970களின் நடுவில் சிமென்ட் வைத்த தொடைகளில் பெரிய பெரிய எலும்புக் குழிகள் தென்பட்டன. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹாரிஸும் அவருடைய குழுவும் 1976இல் அவற்றை விவரித்தார்கள். பழி சிமென்ட்டின்மேல் விழுந்தது. ‘சிமென்ட் நோய்’ என்றே பெயர் சூட்டினார்கள். சிமென்ட் இல்லாத வகைகள் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சிமென்ட் துளியும் இல்லாத மூட்டுகளிலும் அதே குழிகள் விழுந்தபோதுதான், குற்றவாளி தேய்மானத் துகள் என்பது உறுதிப்பட்டது. பாலிஎத்திலீன் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அவற்றை மேக்ரோஃபேஜ்கள் எனும் விழுங்கு செல்கள் விழுங்குகின்றன, செரிக்க முடியவில்லை. அழற்சிச் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. அந்தச் சமிக்ஞைகள் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. மூட்டுத் திரவம் எங்கெல்லாம் புக முடியுமோ, அதாவது கிண்ணத்தின் திருகுத் துளைகள் வழியாகவும் விளிம்பு வழியாகவும், அங்கெல்லாம் துகளும் போய்ச் சேருகிறது.

வலியே இல்லாதபோது அளப்பானேன் என்று கேட்டிருந்தீர்கள். இந்த அரிப்பு வலிக்காது என்பதுதான் அதற்கு விடை. கிண்ணம் தன் மற்ற இடங்களில் எலும்போடு ஒட்டி உறுதியாக நிற்கும்வரை நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. கிண்ணம் ஆட்டம் காணும்போதோ, எலும்பு முறியும்போதோதான் வலி வருகிறது. அதற்குள் புதிய கிண்ணத்தைத் தாங்குவதற்கு வேண்டிய எலும்பே குறைந்துபோயிருக்கும்.

தேய்மானத்தையும் எக்ஸ்ரேயிலேயே அளக்கலாம். பந்தின் மையம் கிண்ணத்தின் மையத்திலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதே அளவு. ஆண்டுக்கு 0.1 மி.மீ.க்குக் குறைவாகத் தேயும் மூட்டுகளில் அரிப்பு அரிது. அதற்கு மேல் போகப் போக ஆபத்து கூடுகிறது. 1990களின் இறுதியில் வந்த, கதிர்வீச்சால் குறுக்குப் பிணைப்பு கூட்டப்பட்ட பாலிஎத்திலீன் இந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. 2003இல் இரண்டு வகைகளும் புழக்கத்தில் இருந்தன; உங்கள் தாயாருக்கு வைத்தது எது என்பதை அறுவைக் குறிப்பிலிருந்து கண்டுபிடிக்க முயலுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலோ அறுவைத் தாளிலோ இம்ப்ளான்ட் பெட்டியின் ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார்கள்.

பதிவு 4 — முதுநிலை மாணவன்

ஐயா, எலும்பியல் முதுநிலை இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். எங்கள் துறையில் ஆய்வுக் கட்டுரை என்றால் உடனே டெக்சாவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கதிர்வீச்சு மிகக் குறைவு, எண்ணாகவே விடை வருகிறது. அப்படியிருக்க, இந்த அம்மையாருக்கு டெக்சா போதாதா?

பதிவு 5 — கதிர்மானி

போதாது தம்பி. நான் விரும்பிச் செய்யும் வேலை டெக்சா. அதன் எல்லை தெரியாமல் அதைப் பரிந்துரைப்பது அதற்கே செய்யும் அநீதி. அது எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால் காரணம் விளங்கும்.

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்குத் தாங்கி கொடுத்து, பாதத்தைச் சட்டத்தில் வைத்துப் பட்டையால் கட்டுவோம். கால் சுழலக் கூடாது என்பதற்காக இவ்வளவும். தொடை சில பாகைகள் உள்ளேயோ வெளியேயோ திரும்பினாலே, கதிர் கடந்து செல்லும் எலும்பின் தடிமன் மாறி, ஒரு மில்லிகிராம்கூட இழக்காத எலும்பு இழந்ததாகக் காட்டும். இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்கள் போவதால் எலும்பின் பங்கையும் தசை, கொழுப்பின் பங்கையும் பிரிக்க முடிகிறது. உலோகத்தை அடையாளம் கண்டு நீக்குவதற்குத் தனி மென்பொருள் இருக்கிறது. சாதாரண இடுப்பு மென்பொருளில் எடுத்தால் உலோகமும் எலும்பாகக் கணக்கில் ஏறிவிடும். மென்பொருள் வரைந்த உலோக விளிம்பை அப்படியே ஏற்காமல், படத்தைப் பெரிதாக்கி விளிம்பு நெடுகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தண்டின் ஓரத்தில் ஒரு வரிசைப் புள்ளிகள் உலோகத்திலிருந்து எலும்புக் கணக்குக்குத் தாவினாலே அந்த மண்டலத்தின் அடர்த்தி பொய்யாக உயர்ந்துவிடும். சிமென்ட் வைத்த மூட்டில் இன்னொரு தொல்லை: படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிமென்ட்டில் பேரியம் சல்பேட் போன்றவற்றைக் கலக்கிறார்கள், அது எலும்போடு சேர்ந்து எண்ணப்படும். பிறகு க்ரூன் மண்டலங்களுக்கான ஏழு கட்டங்களையும் பொருத்த வேண்டும். அடுத்த முறை வரும்போது பழைய படத்தில் போட்ட கட்டங்களையே எடுத்துப் பொருத்த வேண்டும், புதிதாக வரையக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் ஒவ்வோர் அளவீட்டிலும் சிறு பிழை இருக்கும். மண்டலத்தைப் பொறுத்து இது பொதுவாகச் சில விழுக்காடு வரும். ஒரு கணக்குக்காக 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இழப்பு என்பது இரண்டு அளவீடுகளின் வித்தியாசம் என்பதால் இரண்டின் பிழையும் சேர்கிறது. 95 விழுக்காடு உறுதியோடு மாற்றம் உண்மையானது என்று சொல்ல, பிழையை 2.77ஆல் பெருக்க வேண்டும். 3ஐ 2.77ஆல் பெருக்கினால் 8.3. அதாவது அந்தக் கருவியில், அந்தத் தொழில்நுட்பர் எடுத்த படத்தில், 8.3 விழுக்காட்டுக்குக் குறைவான வித்தியாசத்தை இழப்பு என்று எழுதக் கூடாது. ‘ஓராண்டில் 5 விழுக்காடு எலும்பு இழப்பு’ என்று அச்சிட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு மையமும் தன் பிழையைத் தானே அளந்து வைத்திருக்க வேண்டும். 15 பேரை மும்மூன்று முறையோ 30 பேரை இரண்டிரண்டு முறையோ, ஒவ்வொரு முறையும் எழுப்பி மீண்டும் படுக்கவைத்து எடுத்துக் கணக்கிடுவது ஏற்கப்பட்ட முறை. அப்படிச் செய்த மையம் எது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும்.

இனி இந்த அம்மையாரின் நிலை. டெக்சாவுக்கு அடித்தள அளவீடு வேண்டும். அறுவைக்குப் பின் முதல் ஓரிரு வாரங்களிலேயே அதை எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள்தான் ஏழாம் மண்டலத்தில் இழப்பு வேகமாக நடக்கிறது. பிறகு அது மட்டுப்படுகிறது. வங்கிப் புத்தகத்தின் கடைசி வரியை மட்டும் பார்த்து எவ்வளவு செலவானது என்று சொல்ல முடியாது அல்லவா? இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக எடுக்கும் டெக்சாவும் அப்படித்தான். இன்றைய இருப்பைச் சொல்லும், இழந்ததைச் சொல்லாது. தவிர அவருக்குச் சந்தேகம் கிண்ணத்தின் மேலே. அந்த இடத்தில் உலோகக் கிண்ணம் குழியை மறைத்துக்கொள்ளும். குடும்ப மருத்துவர் முதுகெலும்பிலும் இடது இடுப்பிலும் எலும்புப்புரை இருக்கிறதா என்று பார்க்க டெக்சா கேட்டிருந்தால், அது நியாயமான தனிப் பரிசோதனை. அதைச் செய்துகொள்ளட்டும், இந்தக் கேள்விக்கு அது விடையாகாது.

பதிவு 6 — நிழலளவை

மருத்துவ இயற்பியல் கற்பிப்பவள் என்ற முறையில் கதிர்மானி அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். டெக்சா தருவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற பரப்படர்த்தி. முப்பரிமாண எலும்பின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிழலாக விழுந்த பின் கிடைக்கும் எண் அது. புறணி எலும்பு மெலிந்ததா, உள்ளிருக்கும் பஞ்செலும்பு மறைந்ததா என்று அதனால் பிரித்துச் சொல்ல இயலாது. சி.டி.யில் அதைப் பிரிக்க முடியும்.

சி.டி. என்றதும் உலோகம் படத்தைக் கெடுத்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. எக்ஸ் கதிர் உலோகத்தைக் கடக்கும்போது குறைந்த ஆற்றல் கொண்ட ஒளித்துகள்கள் வடிகட்டப்பட்டு, எஞ்சியவை வேறு தன்மையோடு உணரியை அடைகின்றன; தடித்த பகுதிகளில் உணரிக்கு ஏறத்தாழ எதுவுமே வந்து சேர்வதில்லை. கணினி இதை அறியாமல் கணக்கிடுவதால் வெள்ளைக் கீற்றுகளும் கறுப்புப் பட்டைகளும் தோன்றுகின்றன. இரண்டு பக்கமும் செயற்கை மூட்டு இருப்பவரின் படத்தில், ஒரு பந்திலிருந்து மறு பந்துவரை இடுப்புக்கூட்டின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அதனுள் இருக்கும் சிறுநீர்ப்பையின் விளிம்புகூடத் தெரியாது. டைட்டானியம் குறைவாகவும், கோபால்ட்-குரோமியம் அதிகமாகவும் கெடுக்கும்.

இதைச் சமாளிக்க மின்னழுத்தத்தை 140 கிலோவோல்ட் வரை உயர்த்துவார்கள். படத்தை மெல்லிய துண்டங்களாக எடுப்பார்கள். இரட்டை ஆற்றல் சி.டி. இருந்தால், 110 முதல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலான ஒற்றை ஆற்றல் படத்தைக் கணக்கிட்டு உருவாக்கலாம். உலோகக் கீற்றைக் குறைக்கும் தனி மென்பொருள்களும் உண்டு. ஆனால் அந்த மென்பொருள்களில் ஒரு பொறி இருக்கிறது: உலோகத்தை ஒட்டிய மெல்லிய பகுதியில் அவை சில வேளை இல்லாத கறுப்பு வளையத்தை உண்டாக்கும். எலும்பு அரிப்பைத் தேடுகிறவருக்கு அது அரிப்பாகவே தெரியும். ஆகவே திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் அருகருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டிலும் இருந்தால் நம்பலாம்.

குழிக்குள் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். முதியவர்களின் இடுப்பெலும்பில் கொழுப்பு மஜ்ஜை நிறைந்த வெற்றிடங்கள் இயல்பாகவே உண்டு. அவற்றின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (சி.டி. தரும் அடர்த்தி எண்; தண்ணீருக்குப் பூஜ்யம்) பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். அரிப்புக் குழியிலோ அழற்சித் திசு நிறைந்திருக்கும். அதன் எண் மென்திசுவின் அளவில் பூஜ்யத்துக்கு மேலே நிற்கும். பஞ்செலும்பின் இழைகள் முற்றாக மறைந்து, எல்லை தெளிவாகி, திருகுத் துளையோடோ மூட்டு வெளியோடோ ஒரு வாய் திறந்திருந்தால் ஐயம் பெரிதும் தீர்கிறது. இருந்தாலும் அறுவைக்கு முன்பே மூட்டுத் தேய்மானத்தால் இருந்த நீர்க்கட்டிகள் அப்படியே தங்கியிருக்கக்கூடும். அறுவைக்கு முந்தைய ஒரு பழைய எக்ஸ்ரே கிடைத்தால் இந்த இடத்தில் அது பொன்னானது.

அளவீட்டை ஒவ்வொரு துண்டத்திலும் குழியின் எல்லையைக் கையால் வரைந்து, பரப்பைத் துண்டங்களின் இடைவெளியால் பெருக்கிக் கூட்டிச் செய்கிறார்கள். மூன்று மி.மீ. இடைவெளியில் பத்துத் துண்டங்களில் சராசரி 2 சதுர செ.மீ. என்றால் கன அளவு 6 கன செ.மீ. இதில் எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு. 2 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் குழியின் கன அளவு 4.2. எல்லையை எல்லாப் பக்கமும் ஒரே ஒரு மி.மீ. தள்ளி வரைந்தால் விட்டம் 2.2, கன அளவு 5.6. எலும்பில் எந்த மாற்றமும் இல்லாமலே மூன்றில் ஒரு பங்கு வளர்ந்துவிட்டது! இரண்டு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு சி.டி.களையும் ஒரே நபர், ஒரே அமர்வில், எது முந்தையது என்று அறியாமல் அளப்பதே நேர்மையான முறை.

பதிவு 7 — முதுநிலை மாணவன்

மிக்க நன்றி அம்மா. அப்படியானால் எம்.ஆர்.ஐ. எதற்காக? உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சி.டி.யில் கதிர்வீச்சும் அதிகமல்லவா?

பதிவு 8 — நிழலளவை

இன்றைய இடுப்பு இம்ப்ளான்ட்கள் காந்தத்தால் இழுபடுபவை அல்ல. ஆனால் காந்தப் புலத்தைத் தம்மைச் சுற்றிக் குலைத்துவிடுகின்றன, அதனால் படம் வளைந்தும் கருத்தும் போகிறது. 2009ஐ ஒட்டி இந்தக் குலைவைக் குறைக்கும் செமாக், மாவ்ரிக் என்ற இரண்டு உத்திகள் வெளிவந்த பிறகு நிலை வெகுவாக மாறியது. 3 டெஸ்லா கருவியைவிட 1.5 டெஸ்லா கருவியே இதற்கு ஏற்றது. வலுவான கருவி என்றால் நல்ல படம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. படத்தில் கொழுப்பின் ஒளிர்வை ஒடுக்க ஸ்டிர் என்ற படமெடுப்பு முறை வேண்டும்.

2005இல் வெளியான ஓர் ஆய்வில், சடலங்களின் இடுப்பெலும்பில் தாங்களே குழிகளை உண்டாக்கி, கிண்ணத்தைப் பொருத்தி மூன்று முறைகளிலும் தேடினார்கள். எக்ஸ்ரே ஏறத்தாழப் பாதிக் குழிகளைத்தான் கண்டது, சி.டி. முக்கால்வாசியை, எம்.ஆர்.ஐ. பத்தில் ஒன்பதுக்கு மேல். குழி இருக்கிறதா என்று கண்டறிய எம்.ஆர்.ஐ. வலுவானது, மென்திசுவையும் அது காட்டுகிறது. 2010 ஆகஸ்ட்டில் உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டுகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, மூட்டைச் சுற்றி வளர்ந்த திசுக் கட்டிகளைத் தேட எம்.ஆர்.ஐ.யைத்தான் பெரிதும் நாடினார்கள். எலும்பின் எல்லையும், திருகைச் சுற்றி எவ்வளவு எலும்பு மிஞ்சியிருக்கிறது என்பதும் வேண்டுமென்றால் சி.டி.யே வசதி.

கதிர்வீச்சைப் பற்றி: டெக்சாவில் சில மைக்ரோசீவர்ட், இடுப்பு சி.டி.யில் சில மில்லிசீவர்ட். ஆயிரம் மடங்கு அளவில் வித்தியாசம். எழுபதைக் கடந்தவருக்கு, விடை தேவைப்படும் கேள்விக்காக ஒரு சி.டி. எடுப்பதில் தயங்க வேண்டியதில்லை. வேண்டியதோ வேண்டாததோ, ஆண்டுதோறும் எடுப்பதைத்தான் நான் எதிர்ப்பேன்.

பதிவு 9 — செந்தாமரை

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. வீட்டில் தேடியதில் 2009இலும் 2015இலும் வேறு வேறு ஊர்களில் எடுத்த இரண்டு எக்ஸ்ரே பிலிம்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஈரத்தில் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் இடுப்புப் பகுதி தெளிவாக இருக்கிறது. அறுவைத் தாளின் நகலில் ஸ்டிக்கர் இருக்கிறது. பந்தின் விட்டம் 28 மி.மீ. என்று போட்டிருக்கிறது. வேறு வேறு கருவியில் எடுத்த இந்தப் படங்களை ஒப்பிடுவதில் பயன் உண்டா?

பதிவு 10 — கதிர்மானி

நிச்சயமாக உண்டு அம்மா. நீங்கள் தந்திருக்கும் 28 என்ற எண்தான் அதற்குத் திறவுகோல். எக்ஸ்ரேயில் எல்லாமே உள்ளதைவிடப் பெரிதாக விழும். எவ்வளவு பெரிதாக என்பது நோயாளிக்கும் பிலிமுக்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்தது. அந்தப் பந்து எலும்போடு ஏறத்தாழ அதே ஆழத்தில் இருப்பதால், அதையே அளவுகோலாக்கலாம். பிலிமில் பந்து 33 மி.மீ. இருந்தால் உருப்பெருக்கம் 1.18. அதே பிலிமில் 20 மி.மீ. தெரியும் குழியின் உண்மையான அளவு 17 மி.மீ. ஒவ்வொரு பிலிமுக்கும் இப்படித் தனித்தனியே கணக்கிட்டால், மூன்று ஊரில் எடுத்த படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம்.

அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். இடுப்புக்கூடு சாய்ந்தோ திரும்பியோ இருந்தால் கிண்ணத்தின் மேலுள்ள எலும்பு வேறு வடிவில் விழும். படத்தின் கீழே இருபுறமும் தெரியும் இரண்டு பெரிய ஓட்டைகளும் ஒரே வடிவில் இருக்கின்றனவா, வால் எலும்பின் நுனி நடுக்கோட்டில் விழுகிறதா என்று மூன்று படங்களிலும் ஒப்பிடச் சொல்லுங்கள். பெரிதும் மாறியிருந்தால், அந்தப் படத்தைக் குழியின் அளவுக்குப் பயன்படுத்தாமல் பந்தின் நகர்வுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

பிலிம்களைச் செல்பேசியில் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதீர்கள். சாய்வாகப் பிடித்த படத்தில் எந்த அளவும் நிற்காது. பிலிமையே கொண்டுபோய் ஒளிப்பலகையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இனி எடுக்கும் சி.டி.க்கு, அச்சிட்ட பிலிமோடு நின்றுவிடாமல், டைகாம் கோப்புகள் (மருத்துவப் படங்களின் மூலக் கோப்புகள்) அடங்கிய குறுந்தகடோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள். மெல்லிய துண்டப் படங்களும் திருத்தாத படங்களும் அதில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட பிலிமைப் பிய்க்க வேண்டாம்.

பதிவு 11 — முதுநிலை மாணவன்

இன்னும் ஒரு கேள்விக்கு இடமளிக்க வேண்டுகிறேன். எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் மூட்டைச் சுற்றிய எலும்பு இழப்பைக் குறைக்கின்றன என்று படித்தேன். அளந்து உறுதியான பிறகு, அதையே தொடங்கிவிட்டால் என்ன?

பதிவு 12 — தண்டும் கிண்ணமும்

நல்ல கேள்வி. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அறுவை முடிந்தவுடன் மருந்தைத் தொடங்கி, க்ரூன் மண்டலங்களின் டெக்சா அடர்த்தியை அளந்தவை. சுமை குறைவால் வரும் ஆரம்ப இழப்பை அந்த மருந்துகள் மட்டுப்படுத்துகின்றன என்பது அவற்றில் தெரிகிறது. ஆனால் ஏழாம் மண்டலத்தில் அடர்த்தி காப்பாற்றப்பட்டது என்பது ஒரு முடிவு. நோயாளி மறு அறுவையிலிருந்து தப்பினார் என்பது வேறொரு முடிவு. முன்னதைக் காட்டி, பின்னதையும் அடைந்துவிட்டதாகப் பேசக் கூடாது. ஏழாம் மண்டலம் அடர்த்தி குறைந்துபோன எத்தனையோ தொடைகளில் தண்டு கீழே எலும்போடு உறுதியாகப் பிணைந்து, பல ஆண்டுகள் எந்தக் குறையுமின்றி நிற்பதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். துகள்கள் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கும் குழியோ இன்னொரு சிக்கல். ஊற்றுக்கண்ணான தேய்ந்த உறையை மாற்றாமல் மருந்தை மட்டும் கொடுத்து அதை நிறுத்திவிடலாம் என்று நோயாளியிடம் என்னால் சொல்ல முடியாது.

செந்தாமரை அவர்களுக்கு: 2009, 2015, இப்போதைய படம் என மூன்றிலும் பந்தின் நகர்வையும் குழியின் எல்லையையும் கதிர்மானி சொன்னபடி அளந்துவிட்டு, பிறகு சி.டி.யைப் பாருங்கள் என்று உங்கள் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். குழி 2009இலேயே இதே அளவில் இருந்து, பந்தும் நகராமல் இருந்தால், இடைவெளி விட்டுத் தொடர்ந்து பார்ப்பதே பெரும்பாலும் போதும். படத்துக்குப் படம் எல்லை விரிந்துகொண்டே வந்து, பந்தும் மேல்நோக்கி ஏறியிருந்தால், கிண்ணம் உறுதியாக இருக்கும்போதே உறையையும் பந்தையும் மாற்றி, குழியில் எலும்புத் துகள்களை நிரப்பும் சிறிய அறுவையைப் பற்றிப் பேச அதுவே தக்க நேரம். கிண்ணமே தளர்ந்த பிறகு செய்ய நேரும் அறுவை, அவருடைய வயதில், அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த இரண்டு பழைய பிலிம்களும் மருத்துவர் கைக்குப் போகாமல் இந்த முடிவை யாரும் எடுக்க வேண்டாம்.